ஆத்தாவுக்கு ஏற்றியது தவறான ரத்தமா?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கி அதன் சாரத்தை மட்டும் தருகிறேன். அவருடைய தாயாருக்கு வயது 71. ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் ஈரக்காலோடு நடந்தபோது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் ஹீமோகுளோபின் 7.4 என்று சொல்லி இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். முதல் பை சிக்கலில்லாமல் ஏறியது. இரண்டாவது பை தொடங்கி முக்கால் மணி நேரத்தில் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. நர்ஸ் ஓர் ஊசி போட்டு, அரை மணி நேரம் நிறுத்திவைத்து, பிறகு அதே பையைத் தொடர்ந்து ஏற்றி முடித்தார். அந்தப் பையில் ‘ஓ பாசிட்டிவ்’ என்று எழுதியிருந்ததை வாசகி அப்போதுதான் கவனித்தார். தாயாரின் பிரிவோ ‘பி பாசிட்டிவ்’. போதாததற்கு, அதே வார்டில் அதே பெயரும் அதே இனிஷியலும் கொண்ட இன்னொரு ஆச்சியும் படுத்திருந்தார். கேட்டதற்கு, “ஓ எல்லோருக்கும் ஒத்துப்போகும்” என்ற பதில்தான் கிடைத்தது. எழுத்தில் எதுவும் கிடைக்கவில்லை.

வீடு திரும்பியபின், ரத்தம் ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து தாயாரின் கண்கள் இலேசாக மஞ்சளாகத் தெரிகின்றன. சிறுநீர் பழுப்பாகப் போகிறது. எழுந்து நிற்கவே களைப்பாக இருக்கிறது என்கிறார். உறவினர்கள் சொன்னபடி மோரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவருகிறார்கள். ரத்தத்தின் வழியாக மஞ்சள் காமாலைக் கிருமியோ எச்.ஐ.வி.யோ வந்திருக்குமோ என்பது வாசகியின் பெரிய அச்சம். மூன்று மாதம் கழித்து முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. “இனி ஆத்தாவுக்கு நம் பிள்ளைகள் ரத்தம் மட்டும்தான்” என்று சிங்கப்பூரிலிருக்கும் தம்பி உறுதியாகச் சொல்லிவிட்டார். அது சரியா, மருத்துவமனை மீது புகார் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

சகோதரி, நீங்கள் கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த மஞ்சள் கண்தான் எனக்கு முதன்மையாகப் படுகிறது. அதற்காகவே கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பினேன். இதே நிலையில் வேறு வீடுகளிலும் யாராவது இருக்கலாம் என்பதால் அதை இங்கும் விரிவாகச் சொல்கிறேன்.

ரத்தம் ஏற்றி ஏழு நாளில் வரும் மஞ்சள், ரத்தத்தின் வழியாக வந்த காமாலைக் கிருமியால் ஆனதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்குள் போனாலும் அறிகுறி காட்ட ஒன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். ஹெபடைட்டிஸ் சி-க்கும் குறைந்தது இரண்டு வாரமாவது வேண்டும். ஏழாம் நாள் மஞ்சளும் பழுப்புச் சிறுநீரும் களைப்பும் சேர்ந்து வந்தால், ஏற்றிய சிவப்பணுக்களை உடலே அழித்துக்கொண்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். தாமதமாக வரும் ரத்தச் சிதைவு என்று இதைச் சொல்கிறோம். பெரும்பாலும் ரத்தம் ஏற்றிய மூன்றாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் இது தலைகாட்டும்.

இது ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் உங்களுடைய மற்றக் கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும். ஏ, பி, ஓ என்ற பிரிவுகளும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற பிரிவும் மட்டுமே ரத்தத்தின் அடையாளங்கள் அல்ல. சிவப்பணுவின் மேல்பரப்பில் இன்னும் பல அடையாளங்கள் உண்டு. ஒரு பெண் கருவுற்றிருக்கும்போது, தந்தைவழியாகக் குழந்தைக்கு வந்த அடையாளங்களைச் சுமந்த சிவப்பணுக்கள் சிறிதளவு தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. சிலருடைய உடல் அவற்றுக்கு எதிராக எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. ஆண்டுகள் போகப்போக அந்த எதிர்ப்பொருள் சோதனையில் பிடிபடாத அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் உடலின் நினைவு அழிவதில்லை. நாற்பது ஆண்டு கழித்து அதே அடையாளமுள்ள ரத்தம் ஏறினால், ஒரு வாரத்துக்குள் எதிர்ப்பொருள் மறுபடி பெருகி, ஏறிய அணுக்களை அழிக்கத் தொடங்கும். உங்கள் ஆத்தா நான்கு பிள்ளைகளைப் பெற்றவர் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது முக்கியமான தகவல்.

வேறு காரணங்களும் இருக்கலாம். முறிந்த இடுப்பைச் சுற்றி உறைந்து கிடக்கும் ரத்தம் கரையும்போதும் மஞ்சள் சற்றுக் கூடும். வலி மாத்திரை, பித்தப்பைக் கல், தொற்று ஆகியவற்றையும் விலக்க வேண்டும். கடிதத்தைப் படித்து யாராலும் இதைத் தீர்மானிக்க முடியாது. ஹீமோகுளோபின், பிலிருபின், எல்.டி.எச்., கிரியாட்டினின், சிறுநீர்ச் சோதனை, இவற்றோடு சிவப்பணுவின் மேல் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் நேரடிக் கூம்ஸ் பரிசோதனை ஆகியவற்றை ஒரே நாளில் செய்துவிடுங்கள். கூம்ஸ் பாசிட்டிவ் என்று வந்தால், எந்த எதிர்ப்பொருள் என்று இனங்காண மதுரை, தஞ்சாவூர் போன்ற ஊர்களின் மருத்துவக் கல்லூரி ரத்த மையத்துக்கு மாதிரியை அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு இது தானாகவே அடங்கிவிடும். ஆனால் சிறுநீரகத்தைக் கண்காணிக்க வேண்டும். ஹீமோகுளோபின் குறைந்துவிட்டதே என்று யாராவது அவசரப்பட்டு, எதிர்ப்பொருள் சோதனை செய்யாமல் மூன்றாவது பையை ஏற்றிவிடக் கூடாது. உயிருக்கு ஆபத்தான நெருக்கடியிலும்கூட, ரத்த மைய மருத்துவரைக் கலந்துகொண்டுதான் ஏற்ற வேண்டும். கீழாநெல்லியைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் இந்த மஞ்சள் ஈரலிலிருந்து வராததாக இருந்தால், அதைக் கொடுத்துக்கொண்டே காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வீணாகும்.

ஓ பிரிவு ரத்தம் ஏற்றியது தவறா?

அந்த ஒரு காரணத்தை மட்டும் வைத்துத் தவறு என்று சொல்லிவிட முடியாது. பி பிரிவு ரத்தம் கையிருப்பில் இல்லாதபோது, பிளாஸ்மா பெரும்பாலும் நீக்கப்பட்ட ஓ பிரிவுச் சிவப்பணுவை, ஒத்துப்போகிறதா என்று கிராஸ் மேட்ச் செய்துபார்த்து ஏற்றுவது ஏற்கப்பட்ட நடைமுறைதான். ஏ பிரிவு ரத்தத்தை பி பிரிவுக்காரருக்கு ஏற்றியிருந்தால்தான் சில பத்து மில்லியிலேயே உயிருக்கு ஆபத்து வந்திருக்கும். 1901-ஆம் ஆண்டு கார்ல் லேண்ட்ஸ்டைனர் ரத்தப் பிரிவுகளைக் கண்டுபிடித்து வெளியிடுவதற்கு முன் ரத்தம் ஏற்றப்பட்டவர்களில் பலர் இறந்ததற்குக் காரணம் அதுவே.

ஆனால் “ஓ எல்லோருக்கும் ஒத்துப்போகும்” என்று உங்களுக்குச் சொன்ன பதில் பாதி உண்மைதான். நான் மேலே சொன்ன மற்ற அடையாளங்கள் ஓ பிரிவு ரத்தத்திலும் உண்டு. அவை ஒத்துப்போகின்றனவா என்பதைக் கிராஸ் மேட்ச் செய்துதான் அறிய முடியும். ஆகவே, பையில் ஓ என்று ஏன் இருந்தது என்று கேட்பதைவிட, அந்தப் பை உங்கள் ஆத்தாவின் ரத்த மாதிரியோடு ஒத்துப்பார்த்து அவருக்காக வழங்கப்பட்டதா, அல்லது அதே பெயருள்ள மற்ற ஆச்சிக்காக வந்ததா என்று கேளுங்கள். ஒவ்வொரு பைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண், கிராஸ் மேட்ச் அறிக்கையிலும் ரத்த மையத்தின் வழங்கல் பதிவேட்டிலும் உங்கள் ஆத்தாவின் கேஸ் ஷீட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று இடத்திலும் ஒன்றாக இருந்தால் பை மாறிவிட்டது என்ற சந்தேகத்தை விட்டுவிடலாம். ஓர் இடத்தில் மாறியிருந்தாலும், அது உங்கள் வீட்டோடு நின்றுவிடும் விஷயம் அல்ல. மற்ற ஆச்சிக்கு எந்தப் பை போனது என்று மருத்துவமனை அன்றைக்கே பார்த்தாக வேண்டும்.

பெயர்க் குழப்பத்தைப் பற்றி உங்கள் பகுதிக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஐயா பெயரைப் பேரனுக்கும் ஆயா பெயரைப் பேத்திக்கும் வைக்கும் வழக்கம் செட்டிநாட்டில் வலுவாக இருக்கிறது. ஒரே வார்டில் இரண்டு மீனாட்சி, மூன்று வள்ளியம்மை என்பது அங்கே அதிசயமே இல்லை. தவறான ரத்தம் ஏறிய நிகழ்வுகளைத் தோண்டிப்பார்த்தால், ரத்த மையத்தின் இயந்திரத்திலோ சோதனையிலோ பிழை இருப்பது அரிது. மாதிரி எடுத்த குழாயில் பெயர் மாறியதோ, பையைக் கொண்டுவந்து மாட்டும் நேரத்தில் ஆள் மாறியதோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். எனவே உங்கள் சந்தேகம் வீண் சந்தேகம் அல்ல.

நடுக்கம் வந்தபின் நடந்தது

மருத்துவமனையின் செயலில் எனக்கு உறுதியாகக் குறையாகத் தெரிவது இந்த இடம்தான். தோலில் அரிப்பும் சிறு தடிப்பும் மட்டும் வந்தால், நிறுத்தி, மருந்து கொடுத்து, அடங்கியபின் அதே பையைத் தொடரலாம். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அப்படிச் செய்யக் கூடாது. பையை உடனே நிறுத்தி, நரம்பு வழியை சலைன் போட்டுத் திறந்துவைத்து, நோயாளியின் அடையாளத்தையும் பையின் எண்ணையும் மறுபடி சரிபார்த்து, மருத்துவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். சிதைவு என்றோ கிருமி கலந்த பை என்றோ சிறு சந்தேகம் எழுந்தாலும் மீதி ரத்தத்தோடு பையையும், புதிதாக எடுத்த ரத்த மாதிரியையும், சிறுநீரையும் ரத்த மையத்துக்கு அனுப்ப வேண்டும். வந்தது சாதாரணக் காய்ச்சல் எதிர்வினையாகவே இருந்திருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இவற்றையெல்லாம் பார்த்து முடித்தபிறகே அதைச் சாதாரணம் என்று சொல்ல முடியும். இத்தகைய எதிர்வினைகளைப் பதிவுசெய்யவென்றே நொய்டாவிலுள்ள தேசிய உயிரியல் நிறுவனம் 2012 டிசம்பரிலிருந்து ஒரு கண்காணிப்புத் திட்டத்தை நடத்திவருகிறது. உங்கள் ஆத்தாவுக்கு நேர்ந்தது அதில் பதிவானதா என்று கேளுங்கள்.

எச்.ஐ.வி. அச்சம்

உரிமம் பெற்ற ரத்த மையம் எதுவானாலும் ஒவ்வொரு பையையும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிப்பது சட்டப்படி கட்டாயம். ஆயினும் கொடையாளருக்குத் தொற்று வந்து சில நாட்களே ஆகியிருந்தால் சோதனையில் பிடிபடாமல் போகலாம். நேட் என்னும் மரபணுச் சோதனை அந்த இடைவெளியைக் குறைக்கிறது; ஆனால் எல்லா மையங்களிலும் அது இல்லை. உங்களுக்குப் பை வந்த மையத்தில் அது செய்யப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இப்போதே சோதித்து ‘இல்லை’ என்று வந்தால் நிம்மதியடையலாம் என்று எண்ணியிருக்கிறீர்கள். இன்றைய சோதனை, அறுவைக்கு முன்பே தொற்று இருந்ததா என்பதைத்தான் காட்டும். அதுவும் தேவைதான், பின்னால் தகராறு எழுந்தால் பயன்படும். ஆனால் விடை வேண்டுமென்றால் ஆறு வாரம் கழித்தும் மூன்று மாதம் கழித்தும் எச்.ஐ.வி. சோதனையும், ஆறாவது மாதத்தில் ஹெபடைட்டிஸ் பி, சி சோதனையும் செய்ய வேண்டும். அந்த அறிக்கைகளை உங்கள் சம்மதமில்லாமல் யாருக்கும் வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் பாதுகாப்புத் தருகிறது. உறவுக்காரர்கள் காதுக்குப் போய்விடுமோ என்ற தயக்கத்தால் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

2018 டிசம்பரில் எச்.ஐ.வி. கிருமியுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட சாத்தூர்க் கர்ப்பிணிக்கு நேர்ந்ததை நினைத்துப் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. அங்கே ரத்தம் கொடுத்த இளைஞருக்கு 2016-லேயே தொற்று இருப்பது பதிவாகியிருந்தும் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட சோதனையில் தெரிந்ததும் அவரே வந்து சொன்னார். அவரும் விற்க வந்தவர் அல்ல. உறவினர் ஒருவருக்காகக் கொடுத்தவர். அதனால்தான் உங்கள் தம்பியின் முடிவைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

“நம் பிள்ளைகள் ரத்தம் மட்டும்”

அந்தச் சொல்லில் இருக்கும் பாசத்தை மதிக்கிறேன். ஆனால் மருத்துவ முறையில் அது பாதுகாப்பைக் கூட்டாது. உங்கள் ஆத்தாவைப் பொறுத்தவரை குறைக்கவும் கூடும். மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள். அவருடைய உடலில் எதிர்ப்பொருள் உருவாகியிருந்தால், அது பிள்ளைகளைச் சுமந்த காலத்தில், அப்பச்சி (உங்கள் தந்தை) வழியாக அவர்களுக்கு வந்த அடையாளங்களுக்கு எதிராகவே உருவாகியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த அடையாளங்கள் உங்கள் தம்பியின் ரத்தத்திலும், பேரன்மார் ரத்தத்திலும் இருக்கக்கூடும். அறிமுகமில்லாத ஒருவரின் ரத்தம் ஒத்துப்போய், பெற்ற பிள்ளையின் ரத்தம் ஒத்துப்போகாமல் போவது இப்படித்தான்.

இன்னொரு ஆபத்து அரிதானது. ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை. நெருங்கிய ரத்த உறவினரின் வெள்ளணுக்களை, மரபு ஒற்றுமையால், நோயாளியின் உடல் அந்நியமென்று அறியாமல் விட்டுவிடும். அவை உள்ளே தங்கிப் பெருகி நோயாளியின் தோல், குடல், ஈரல், எலும்பு மச்சை ஆகியவற்றையே தாக்கும். ஆகவேதான் உறவினர் ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றக் கூடாது என்கிறோம். அந்த வசதி சிறிய ஊர்களில் கிடைக்காது. சமூகக் காரணமும் ஒன்று உண்டு. தானாக முன்வந்து கொடுப்பவர் கேள்வித்தாளில் மறைக்க வேண்டியது எதுவுமில்லை. “நீ கொடுக்காவிட்டால் யார் கொடுப்பது” என்று நிற்கவைக்கப்பட்ட பிள்ளை, தனக்கிருக்கும் நோயையோ பழக்கத்தையோ குடும்பத்தார் முன் சொல்ல முடியாமல் ‘இல்லை’ என்று குறித்துவிடக்கூடும்.

உங்கள் தம்பிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டுமென்ற எண்ணம் இருந்தால் தாராளமாகக் கொடுக்கட்டும். ஆத்தாவின் பெயரில் வேண்டாம், பொதுக் கையிருப்புக்குக் கொடுக்கட்டும். 18 வயது நிறைந்து, எடை 45 கிலோவும் ஹீமோகுளோபின் 12.5-ம் குறையாமல் இருந்தால், ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ரத்தம் கொடுக்க மருத்துவமனை வாசலில் நின்று 3,000 ரூபாய் கேட்டவரை நீங்கள் மறுத்தது மிகச் சரி. உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் ரத்தத்தை விலைக்கு விற்பது நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. மருத்துவமனை பில்லில் வரும் தொகை பதப்படுத்தும் கட்டணம் மட்டுமே. தனியார் மையங்களில் ஒரு பை சிவப்பணுவுக்கு அது 1,550 ரூபாய் என்று 2022-இல் திருத்தப்பட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நேட் போன்ற கூடுதல் சோதனைக்குத் தனிக் கட்டணம் உண்டு.

அடுத்த அறுவைக்கு முன்

முழங்கால் அறுவைக்கு மூன்று மாதம் இருக்கிறது என்பதே உங்களுக்கு நல்ல வாய்ப்பு. இப்போதே ரத்தசோகையின் காரணத்தைக் கண்டுபிடித்து, தேவையானால் நரம்பு வழியாக இரும்புச்சத்து கொடுத்து, ஹீமோகுளோபினை உயர்த்திவிட்டால் ரத்தமே ஏற்ற வேண்டாமல் போகலாம். அறுவையின்போது கசிவைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுப்பார்களா என்று எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இறங்கினால், அல்லது மூச்சுத்திணறல், நெஞ்சுவலி போன்ற அறிகுறி இருந்தால் மட்டுமே பெரும்பாலும் ரத்தம் தேவை. அப்போதும் ஒரு பை ஏற்றி, சோதித்துப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தீர்மானிப்பதே இந்த வயதினரின் இதயத்துக்கு நல்லது. இந்த முறை அவருக்கு 7.4 இருந்தபோது ஏற்றியதை நான் குறை சொல்லவில்லை. இரண்டாவது பைக்கு முன் ஒருமுறை பார்த்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

எதிர்ப்பொருள் இருப்பது உறுதியானால் அதன் பெயரை எழுதி அட்டையாகக் கேட்டு வாங்கி, ஆத்தாவின் மருந்துப் பையிலேயே வையுங்கள். பொருந்தும் ரத்தத்தைத் தேட நாள் பிடிக்கும். அறுவைத் தேதியை ரத்த மையத்துக்கு இரண்டு வாரம் முன்பே சொல்ல வேண்டும். சிறிய மருத்துவமனைகள் பலவற்றில் சொந்த ரத்த மையம் இருக்காது. பெரிய மையத்தோடு இணைந்த சேமிப்பு மையம் மட்டும் இருக்கும். ஆகவே பை எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது என்று கேட்கத் தயங்காதீர்கள். சிவப்பணுப் பை 2 முதல் 6 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். வீட்டு ஆளிடம் பாலித்தீன் பையில் கொடுத்து வெயிலில் பைக்கில் கொண்டுவரச் சொன்னால் மறுத்துவிடுங்கள், குளிர்ப்பெட்டி கேளுங்கள். குளிரிலிருந்து எடுத்த பையை நான்கு மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீரில் போடவும் கூடாது.

பை மாட்டும் நேரத்தில் குடும்பத்தில் ஒருவர் அருகில் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, சம்பளத்துக்கு வைத்த அட்டெண்டரை மட்டும் நம்பி ஆச்சிகள் படுத்திருப்பதை உங்கள் பகுதியில் நிறையப் பார்க்கிறேன். “நீங்கள்தானே மீனாட்சி ஆச்சி?” என்று கேட்டால், மயக்கம் தெளியாத முதியவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். “உங்கள் பெயர் என்ன, வயது என்ன?” என்று கேட்டு, கைப்பட்டையிலுள்ள பதிவு எண்ணைப் பையோடு வந்த சீட்டுடன் இரண்டு பேர் ஒத்துப்பார்க்க வேண்டும். மாதிரிக் குழாயில் பெயர் எழுதுவதும் கட்டிலருகிலேயே நடக்க வேண்டும். முதல் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, ஒருவர் கூடவே நின்று நாடித்துடிப்பையும் காய்ச்சலையும் பார்க்க வேண்டும். இவற்றை மரியாதையாகக் கேட்பதால் எந்த நல்ல நர்ஸும் கோபப்பட மாட்டார்.

புகார் பற்றி

அடுத்த அறுவையும் அங்கேதான், பகைத்துக்கொள்ளலாமா என்று தயங்குகிறீர்கள். முதல் அடியாகப் புகார் வேண்டாம், ஆவணங்களைக் கேளுங்கள். கேஸ் ஷீட், ரத்தம் ஏற்றிய பதிவு, கிராஸ் மேட்ச் அறிக்கை ஆகியவற்றின் நகலை மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு, கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி. அதே கடிதத்தில் ஏழாம் நாள் மஞ்சளையும் குறிப்பிடுங்கள். ரத்த மையத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அதே கொடையாளரின் ரத்தத்திலிருந்து பிரித்த மற்றக் கூறுகள் வேறு யாருக்காவது போயிருந்தால், ரத்த மையம் அவர்களையும் பார்க்க வேண்டும்.

ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்து, எதிர்ப்பொருளால்தான் சிதைவு என்று வந்தால், அது எல்லாக் கவனத்தையும் மீறி நேரக்கூடியது. வழக்குக்குரியது என்று நான் சொல்ல மாட்டேன். பை எண் மாறியிருந்தாலோ, ஆவணம் தர மறுத்தாலோ நிலைமை வேறு. ரத்தம் சட்டப்படி ஒரு மருந்து. ரத்த மையத்தின் மீதான புகாரை மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையிடம் கொடுக்கலாம். கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சை என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அதற்கு இரண்டு ஆண்டுக் கால வரம்பு உண்டு. ஆகவே அவசரம் இல்லை. ஆத்தாவின் சோதனை முடிவுகளும் பை எண்களும் கைக்கு வந்தபின் ஒரு வழக்கறிஞரிடம் காட்டி முடிவெடுங்கள்.